லிஃப்ட்காரர் வளர்த்த கொத்தமல்லி

"இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு கொத்து கொத்தமல்லிகூட கடையிலேர்ந்து வராது!"

மூன்றாவது மாடி வாசலில் நின்று லிஃப்ட்காரர் இப்படி முழங்கினார். முழங்கினார் என்பது அவர் கணக்கு. கேட்டவர்களுக்கு "இனிமே... இந்த... வீ..." வரைக்கும்தான் கேட்டிருக்கும். மிச்சமெல்லாம் மூச்சு. ஒரு கையில் வாசல் நிலை, மறு கையில் கொத்தமல்லி. நிலை மட்டும் இல்லையென்றால் கொத்தமல்லியும் அவரும் சேர்ந்தே தரையில் பரவியிருப்பார்கள்.

உள்ளே தையல் மிஷின் நிற்கவில்லை. மனைவியும் திரும்பிப் பார்க்கவில்லை.

"முதல்ல மூச்சு விடுங்க. சபதம் எங்கயும் ஓடிடாது."

லிஃப்ட்காரர் என்பது அவருடைய தொழில். ஊருக்கே அதுதான் பேராகிவிட்டது. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில், ஓய்வு பெறும் வரை லிஃப்ட்டுக்குள்ளே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். "மேலே போகுது", "கீழே போகுது" என்ற இரண்டே வாக்கியத்தில் குடும்பத்தை நடத்தியவர். நாள் முழுக்க ஏறி இறங்கியும் ஒரு படியைக்கூட மிதிக்காத மனிதர் உலகத்தில் உண்டா என்றால், இவர் உண்டு. கால் என்பது செருப்பு மாட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வீடு மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. விதிக்கு விளையாட இடமா இல்லை?

ஓய்வுக்குப் பிறகு முக்காலி போய் சாய்வு நாற்காலி வந்தது. வயிறு முன்னால் வந்தது. சர்க்கரை ஏறியது; அதுவும் லிஃப்ட்டில்தான் ஏறியிருக்க வேண்டும், அவ்வளவு வேகம். மகள் வயசுள்ள டாக்டரம்மா, காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதயம் ரொம்பக் கஷ்டப்படுது சார். மெதுவா ஆரம்பிச்சு, தினம் நடக்கணும். படி ஏறி இறங்கணும். இப்படியே உட்கார்ந்திருந்தீங்கன்னா அடுத்த தடவை நீங்க நடந்து வரமாட்டீங்க. தூக்கிட்டு வருவாங்க."

"தூக்கிட்டு வந்தா எனக்குப் படி ஏற வேண்டிய வேலை இல்லையே டாக்டரம்மா!"

அவர் மட்டும் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. வீடுகளுக்குத் திரைச்சீலை தைப்பது அவள் தொழில். கோணாமல் ஒரே ஓட்டில் ஓரம் அடிப்பதில் கெட்டிக்காரி. அன்று சாயங்காலம் ஒரே ஓரத்தில் மூன்று தையல் ஓட்டிவிட்டு, மூன்றையும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவர் கண்ணில் பட்டது. ஏன் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு மறதி வந்தது.

"ஏங்க, புதினா வாங்க மறந்துட்டேன்." மறுநாள், "ஏங்க, வெந்தயக்கீரை." அதற்கு மறுநாள், "ஏங்க, கொத்தமல்லி." அரிசி மறக்காது, எண்ணெய் மறக்காது, இலை மட்டும் தினம் தவறாமல் மறக்கும். பத்து திரைக்கு அளவெடுத்தாலும் ஒரு எண்ணைக்கூட எழுதி வைத்துக்கொள்ளாத தலை அது! அன்றைக்குக் கொத்தமல்லியும் கையுமாக இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் லிஃப்ட்காரருக்கு உறைத்தது. இது மறதி இல்லை. சதி.

அதனால்தான் சபதம்.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றார், நாற்காலியில் விழுந்து மூச்சு திரும்பிய பிறகு. "நீ மறக்கல. என்னை நடக்க வைக்கிறதுக்காக வேணும்னே மறக்கிற."

"அப்படியா?"

"அப்படித்தான். இனிமே எல்லா இலையும் வீட்டுலயே வளரும். நான் வளர்க்கிறேன். நீ என்ன மறந்தாலும் நான் இங்க உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பறிச்சுக் குடுப்பேன்."

மிஷின் நின்றது.

"வருஷம் முழுக்கவா?"

"வருஷம் முழுக்க."

"வெயில் காலத்துல கொத்தமல்லி பூத்துடுமே?"

"பூக்காது. பூத்தா வேற விதைப்பேன்."

"மழையில அழுகுமே?"

"குடை பிடிப்பேன்."

"குளிர் காலத்துல?"

"போர்வை போர்த்துவேன்! உனக்கென்ன? என்னைக்காவது ஒரு நாள் சமையலுக்கு இலை இல்லைன்னு ஆச்சுன்னா, அன்னையிலேர்ந்து நீ சொல்ற கடைக்கெல்லாம் நான் போறேன். போதுமா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி. செடி உங்க பொறுப்பு. நான் தொடமாட்டேன்." தோற்றுப்போனவள் பேசுகிற மாதிரியே இருந்தது குரல். லிஃப்ட்காரருக்கு அன்று சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

பழைய பிஸ்கட் தகரங்களின் மூடிகளை எடுத்தார். ஆணியால் ஓட்டை போட்டார். மண் நிரப்பினார். கொத்தமல்லி விதையை அப்படியே போட்டால் முளைக்காது, இரண்டாக உடைத்துப் போட வேண்டும் என்று எங்கேயோ படித்து, தம்ளர் அடியால் நசுக்கினார். பாதி உடைந்தது, பாதி பொடியாகிக் குழம்புக்குப் போனது. புதினாக் குச்சிகளை வேர் விடத் தண்ணீரில் நிற்க வைத்தார். எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கினார். எழுந்திருக்காமலே தண்ணீர் ஊற்றலாம், எழுந்திருக்காமலே பறிக்கலாம். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன கண்டுபிடிக்க முடியும்?

முளைத்தது. வெளுத்து, நீண்டு, நூலாக வளர்ந்து, மூன்று மாடி ஏறிவந்த லிஃப்ட்காரர் மாதிரியே சுவரில் சாய்ந்தது.

"வெயில் பத்தலைன்னு நினைக்கிறேன்" என்றார். "அடுப்படி ஜன்னல்ல வைக்கட்டுமா?"

"ஐயையோ, அங்க வேண்டாம்! எண்ணெய்ப் புகை பட்டா இலை சுருண்டுடும். அந்தப் பக்கமே போகாதீங்க. புதுத் திரை மாட்டியிருக்கேன், ஊசியெல்லாம் அப்படியே குத்தியிருக்கு."

லிஃப்ட்காரர் அடுப்படிப் பக்கம் போகிற ஆளே இல்லை. போக வேண்டாம் என்றதும் இன்னும் வசதியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அன்று அவள் யாரிடமும் பேசவில்லை. அளவு நாடாவிடம்தான் பேசினாள். நாடாவைச் சுற்றிக்கொண்டே, "கீழ்வீட்டு டீச்சரம்மாவுக்கு எதுக்குத் தடிச்ச துணியில திரை தைச்சேன்? காலையில அந்த வராந்தாவுல என்ன வெயில், என்ன வெயில்! மத்தியானம் ஆனா பொட்டு வெயில் இருக்காது. அதுக்கப்புறம் எல்லா வெயிலும் மொட்டை மாடிக்குப் போயிடும்..." என்று முணுமுணுத்தாள்.

நாற்காலியில் தூங்குவது மாதிரி கண்ணை மூடியிருந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். கட்டடத்தில் பாதி வீடுகளுக்குத் திரை தைத்தவள் ஆயிற்றே. எந்த ஜன்னலுக்கு எப்போது வெயில் வரும் என்று அவளுக்குத்தானே தெரியும்! பெரிய ரகசியத்தைத் தெரியாமல் உளறிவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மூடிகளையெல்லாம் ஒரு தகரத் தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்.

தரைத்தளத்து டீச்சரம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் குரலுக்கு ஓய்வு கொடுக்காதவர்.

"என்ன தம்பி, தட்டு ஏந்திட்டு வந்திருக்கீங்க? வீட்டுல சோறு போடலையா?"

"செடிக்குக் கொஞ்சம் வெயில் வேணும் டீச்சரம்மா. உங்க வராந்தாவுல வச்சுக்கட்டுமா?"

"தாராளமா வைங்க. ஆனா மத்தியானம் எடுத்துடணும். மறந்தீங்கன்னா பெஞ்சு மேல ஏத்திடுவேன், உங்களைத்தான்."

வைத்துவிட்டு மேலே ஏறினார். மத்தியானம் மறுபடி இறங்கினார். தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வரைக்கும் ஏறினார். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் எடுத்துவந்தார். கொத்தமல்லி நிமிர்ந்தது. லிஃப்ட்காரர் மடங்கினார்.

நாலைந்து நாளில் அவருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. நாம் யார்? நாம் ஏன் தூக்க வேண்டும்? மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கப்பியை மாட்டினார். கயிறு, கூடை. கூடைக்குள் தட்டு. கைப்பிடிச் சுவரோரம் ஒரு பழைய முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலை எடுத்தார்:

"கீழே போகுது!"

கூடை அழகாக இறங்கியது. ஒவ்வொரு மாடி ஜன்னலாகக் கடந்து, டீச்சரம்மா வராந்தா முன்னால் போய் நின்று ஆடியது.

"டீச்சரம்மா! தட்டை எடுத்து வெயில்ல வச்சுடுங்க!"

கீழேயிருந்து குரல் வந்தது. "எனக்குக் குனிஞ்சா முட்டி பிடிச்சுக்கும் தம்பி! நீங்களே வந்து எடுத்து வச்சுடுங்க!"

என்ன செய்வது? செடி லிஃப்ட்டில் போயிற்று, லிஃப்ட்காரர் படியில் போனார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தட்டு சொகுசாக இறங்கும். அதை வரவேற்க அவர் ஓட்டமும் நடையுமாக இறங்குவார். ஏற்றும்போது கீழே நின்று கூடையில் வைப்பார். இழுக்க மேலே ஆள் வேண்டும், அதுவும் அவர்தான். ஒருநாள் போய்ப் பார்த்தால் கயிற்றைக் காணோம்.

"அதுவா? துணி உலர்த்தக் கட்டிட்டேன்" என்றாள் மனைவி. "வேணும்னா அவுத்துத் தரேன். ஈரத் துணியையெல்லாம் உங்க நாற்காலி மேல போட்டுக்கறேன்."

வேண்டாம் என்றுவிட்டார். நிஜத்தில், கயிறு இல்லாமல் இருப்பது சுலபமாகத்தான் இருந்தது.

படிக்கட்டில் வேறொரு சங்கதியும் இருந்தது. லிஃப்ட்டுக்குள் எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அத்தனை வருஷம் அத்தனை பேரை ஏற்றி இறக்கியும் அவருக்கு முதுகுகள்தான் தெரியும். படிக்கட்டில் ஒருவர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது மாடிப் பல் டாக்டர் ராத்திரி வேலைக்குப் போகிற மனைவிக்காகச் சமையல் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது, அவர் "ரெண்டு கொத்து கிடைக்குமா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோதுதான் தெரிந்தது. முதல் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் எதுவும் கேட்க மாட்டார். தட்டு போகும்போது கதவைத் திறந்து, புதினா வாசத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தலையை ஆட்டிக் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் கதவு திறக்கத் தாமதமானால் லிஃப்ட்காரர் அங்கே நின்று இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்வார்.

வெயில் காலம் வந்தது. மனைவி சொன்ன மாதிரியே கொத்தமல்லி இலையை மறந்து பூவில் இறங்கியது. வெயிலிலிருந்து காப்பாற்ற உச்சி நேரத்தில் தட்டை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு ஒரு ஏற்றம் கூடியது. பழைய தட்டு தீர்வதற்குள் புதுத் தட்டு முளைக்க வேண்டும் என்று மாற்றி மாற்றி விதைத்தார். ஒரு தட்டு மூன்றாயிற்று. மழைக்காலத்தில் ஒரு தூறல் விழுந்தால் போதும், மொட்டை மாடிக்குப் பறப்பார். குளிர் காலத்தில் வெயிலே சிக்கனமாகிவிட்டது. எங்கே கொஞ்சம் விழுகிறதோ அங்கெல்லாம் தட்டோடு துரத்தினார்.

"வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ஓட்டினீங்க" என்றார் டீச்சரம்மா. "இப்ப நீங்களே லிஃப்ட்டாயிட்டீங்க."

"சிரிங்க டீச்சரம்மா, சிரிங்க. என் பொண்டாட்டி என்னைக் கடைக்கு அனுப்ப முடியாமத் தவிக்கிறா, தெரியுமா?"

"தெரியும் தெரியும். பாவம்" என்று டீச்சரம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மழையில் ஒரு வாரம் மூன்று தட்டும் மொட்டையாகிவிட்டன. கத்தரிக்கோலோடு போய்க் கத்தரிக்கோலோடு திரும்பினார். சபதம் அன்றோடு முடிந்தது என்று சாப்பிட உட்கார்ந்தால், குழம்பில் கொத்தமல்லி மிதக்கிறது!

"இது ஏது?"

"முன்னாடி நீங்க குடுத்ததுல கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன்."

வாரம் முழுக்க அந்த 'கொஞ்சம்' தீரவே இல்லை. தன் கொத்தமல்லி அவ்வளவு நாள் வாடாமல் இருக்கிறதே என்று அவருக்கு ஒரே பெருமை.

இதற்கு நடுவே அவருடைய பேண்ட்டெல்லாம் கெட்டுப்போயின. இடுப்பில் நிற்கமாட்டேன் என்று நழுவின.

"துவைச்சுத் துவைச்சுத் துணி தளர்ந்துடுச்சு" என்றார்.

"ஆமா, மட்டமான துணி" என்றாள் அவள். வாங்கி இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். இரண்டு மாசம் கழித்து மறுபடியும். துணிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டார். அவர் திட்டத் திட்ட, அவள் மிஷின் ஒரே ஓட்டில் கோணாமல் ஓடியது.

ஒரு வருஷம் சுற்றி வந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். பேரைச் சரிபார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"சார், இது உங்க ரிப்போர்ட்தானா? என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணுமே பண்ணல" என்றார் லிஃப்ட்காரர், காலை நீட்டிக்கொண்டு. "நடக்கச் சொன்னீங்க. நடக்கல. கடை கண்ணிக்குப் போகச் சொல்லி இவ என்னென்னவோ பண்ணிப் பாத்தா. ஒரு நாள்கூடப் போகல. சும்மா வீட்டுல உட்கார்ந்து ரெண்டு செடி வளர்த்தேன்."

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். "இந்தத் திரை இன்னும் நாலு விரல் இறக்கமா இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

வீடு திரும்பும்போது படியேறும் வழியெல்லாம் லிஃப்ட்காரர்தான் பேசினார். "பாத்தியா? டாக்டரையும் ஜெயிச்சாச்சு, உன்னையும் ஜெயிச்சாச்சு. உட்கார்ந்த இடத்துல ஒருத்தன் நினைச்சா..." முதல் மாடி. "இந்த டாக்டருங்களுக்கு எதையாவது சொல்லணும், அவ்வளவுதான்..." இரண்டாவது மாடி. "நடையாம் நடை! நான் மட்டும் உன் பேச்சைக் கேட்டிருந்தேன்னு வையி..." மூன்றாவது மாடி.

திரும்பிப் பார்த்தார். மனைவி இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில், அவர் முன்பு பிடித்துக்கொண்டு நின்ற அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. வருஷம் பூராவும் மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்தவள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"உங்க வேகத்துக்கு... யாரால ஏற முடியும்?"

லிஃப்ட்காரர் தன் மார்பில் கை வைத்துப் பார்த்தார். இதயம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்காதது மாதிரி. இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வந்தார். தன் நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனார்.

அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு என்ன தெரியும்? இருட்டாக இருக்கிறதே என்று ஜன்னல் திரையை இழுத்தார். அதற்குப் பின்னால் வெளிச்சம் விழும்படி கண்ணாடிப் பக்கம் மூன்று தொட்டிகள். ஒன்றில் கொத்தமல்லி, ஒன்றில் புதினா, ஒன்றில் வெந்தயக்கீரை. கறுத்த பச்சை. அடர்த்தி என்றால் அப்படி ஒரு அடர்த்தி. அவருடைய எந்தத் தட்டும் எந்த மாசத்திலும் அப்படி இருந்ததில்லை. ஒரு இலைகூடச் சுருளவில்லை. திரையில் ஒரு ஊசிகூட இல்லை.

தம்ளரும் கையுமாகத் திரும்பி வந்து எதிரே நின்றார்.

"அது எப்ப வச்சது?"

"நீங்க சபதம் போட்டீங்களே, அன்னைக்குத்தான்."

"அங்கயே வருஷம் முழுக்க வளருதா?"

"காலையில கொஞ்சம் வெயில், மிச்ச நேரம் நல்ல வெளிச்சம். வேற என்ன வேணும் அதுக்கு?"

"மழையில அந்த ஒரு வாரம்..."

"பின்னே? சபதத்துல நீங்க தோத்துட்டா நான் என்ன பண்றது?"

"நான் தோத்தா உனக்கு நல்லதுதானே? என்னைக் கடைக்கு அனுப்பியிருக்கலாமே!"

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். "கடைக்கு ஒரு தடவைதானே போயிட்டு வருவீங்க? செடிக்கு எத்தனை தடவை!"

லிஃப்ட்காரருக்கு, ஒரே ஓரத்தில் மூன்று தையல் ஓடிய அந்தச் சாயங்காலம் ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இப்போதும் கேட்கவில்லை. இப்போது கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் ஆண்பிள்ளை, அப்படியே விட்டுவிட முடியுமா?

"போதும். இன்னையோட எல்லாம் முடிஞ்சுது. இனிமே என் தட்டுங்க எல்லாம் உன் ஜன்னல்லதான் இருக்கும். நான் என் நாற்காலியிலதான் இருப்பேன். ஒரு படி ஏறமாட்டேன், ஒரு படி இறங்கமாட்டேன். இது சபதம்!"

"சரிங்க" என்றாள் அவள், தோற்றுப்போன அதே குரலில். "அப்ப டீச்சரம்மா வராந்தாவுல காலையில வச்ச ரெண்டு தட்டு இன்னும் அங்கயேதான் இருக்கு, மொட்டை மாடியில ஒண்ணு இருக்கு. இருட்டுறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடுங்க. கத்தரிக்கோலும் மேலதான் கிடக்கு."

நியாயமான பேச்சுதான். முதலில் கீழே ஓடினார். இரண்டு கையிலும் இரண்டு தட்டோடு முதல் மாடிக் கதவுக்கு முன்னால் வரும்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. விளங்கி என்ன செய்ய? பெரியவரின் கதவு இன்னும் திறக்கவில்லை. கொஞ்சம் நின்றார். கதவு திறந்தது, வாசம் உள்ளே போனது, தலை ஆடியது.

"மேலே போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லிஃப்ட் கிளம்பியது.